தட்டிப் பார்த்து வாங்கு... சட்டியானாலும் விமானமானாலும்!

விருத்தாசலத்தில் ஊறுகாய் ஜாடி வாங்க வரும் அம்மாக்கள் விலையை அப்புறம்தான் கேட்பார்கள். முதலில் ஜாடியைத் தூக்கி இடது உள்ளங்கையில் உட்கார வைத்து, வலது கை விரல் மடிப்பால் ஒரு தட்டு. ‘ணங்’ என்று மணி போல நீண்டு ஒலித்தால் சரக்கு நல்லது. ‘தொப்’ என்று அமுங்கினால், கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் எங்கேயோ ஓடியிருக்கிறது.

“நல்லா தட்டிப் பாருங்கக்கா... அப்புறம் வீட்டுக்குப் போயி ஒழுகுதுன்னு சொல்லக் கூடாது” என்று கடைக்காரரே எடுத்துக் கொடுப்பார். மேலே பூசியிருக்கும் பளபளப்பை நம்பி இந்த ஊரில் யாரும் பணம் கொடுப்பதில்லை.

இதே சோதனை, ஏறத்தாழ இதே விரல் மடிப்பால், வேறொரு சந்தையிலும் நடக்கிறது. அங்கே விலைக்கு வருவது ஜாடி அல்ல; எழுபது, எண்பது, தொண்ணூறு வயதான குட்டி விமானங்கள். மரச்சட்டமும் துணியும் இரும்புக் குழாயுமாகச் செய்த இரண்டு, மூன்று பேர் அமரும் விமானங்கள். பெயிண்ட் மின்னும், பித்தளை பளபளக்கும், தோல் இருக்கை மணக்கும். விவரம் தெரிந்தவர் அதையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக இறக்கைக்குப் போய் பலகையை நாணயத்தால் தட்டுவார். பசை பிடித்திருக்கும் இடம் கணீரென்று பேசும். பசை விட்ட இடம் ‘பொத்’ என்று ஊமையாகும். ஜாடி ஊமையானால் ஊறுகாய் போகும். இறக்கை ஊமையானால் உயிர் போகும்.

இரண்டு ஓடுபாதைகளுக்கு நடுவே

பீங்கான் ஊரில் விமானப் பேச்சு எதற்கு என்று தோன்றலாம். வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விருத்தாசலத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் ஒருபக்கம் நெய்வேலி. அங்கே என்.எல்.சி. நிறுவனத்துக்குச் சொந்தமான விமானத்தளம் இருக்கிறது. உடான் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, புதுப்பிக்கும் வேலைகளையும் பார்த்துவிட்டது. இன்னொரு பக்கம், அதே அளவு தூரத்தில் உளுந்தூர்பேட்டை. அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுதளம் ஒன்று இருக்கிறது. 1942-ல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டபோது மதராஸ் மாகாணமே பதறியது. சூலூர், சோழவரம், கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை என்று போர்க்கால ஓடுதளங்களின் பட்டியல் நீளம். சில இடங்களில் விமானங்கள் தொடர்ந்தன. சில இடங்களில் சிமென்ட் மட்டும் மிஞ்சியது.

நெய்வேலிக்கும் விருத்தாசலத்துக்கும் இன்னொரு உறவு மண்ணால் வந்தது. நிலக்கரி எடுப்பதற்காக மேல்மண்ணை வெட்டி அள்ளும்போது நல்ல வெள்ளைக் களிமண்ணும் வெளிப்படுகிறது. பீங்கானுக்கு அதுதான் மாவு. அந்த மண்ணும், ரயில் சந்திப்பும், அரசின் ஆதரவும் சேர்ந்து விருத்தாசலத்தைச் செராமிக் ஊராக்கின. இங்கே செராமிக்குக்கென்றே தொழிற்பேட்டை உண்டு. செராமிக் தொழில்நுட்பத்தைப் பாடமாகச் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிறுவனமும் உண்டு. கொலு பொம்மை, ஜாடி, கப், அகல் விளக்கு ஒருபக்கம் என்றால், வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை ஃப்யூஸ் கட்டை, கம்பத்து மேலே மின்கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர் இன்னொரு பக்கம். அழகுக்கும் பீங்கான், மின்சாரத்தைத் தடுக்கவும் பீங்கான்.

அந்த இரண்டாவது வேலைதான் பழைய விமானத்துக்குள்ளும் நடக்கிறது. எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக். ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் நடுக்கம்பியில் பாய, அது பக்கத்து உலோகத்துக்குத் தாவிவிடாமல் தடுக்க ஒரு காப்பு வேண்டும். ஆரம்பத்தில் விமான பிளக்குகளில் மைக்கா தகடுகளைச் சுற்றினார்கள். பிறகு அந்த இடத்தை அலுமினா பீங்கான் பிடித்துக்கொண்டது. ஜாடியைவிட அதிகச் சூட்டில், சுமார் 1,600 டிகிரியில் வெந்து வருகிற பீங்கான் அது. இந்தச் சுண்டுவிரல் அளவு பொருள்தான் இந்திய விமான வரலாற்றின் அழகான கதை ஒன்றுக்குக் காரணம்.

ஒரு பிளக் கொடுத்தவர், தோற்றவர்

1930. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டிக் கடக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு என்று ஆகா கான் அறிவித்திருந்தார். மூன்று பேர் களத்தில் இறங்கினார்கள். மன்மோகன் சிங், தன் விமானத்துக்கு ‘மிஸ் இந்தியா’ என்று பெயர் வைத்திருந்தார். ஜே.ஆர்.டி. டாடா, முந்தைய ஆண்டுதான் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் பைலட் லைசென்ஸை வாங்கியிருந்தார். மூன்றாமவர் ஆஸ்பி இன்ஜினியர், வயது 17.

ஆஸ்பி இங்கிலாந்திலிருந்து இந்தியா நோக்கி வந்தார். ஜே.ஆர்.டி. இந்தியாவிலிருந்து எதிர்த்திசையில் போனார். எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் ஜே.ஆர்.டி. இறங்கியபோது, அங்கே ஒரு பையன் விமானத்தோடு முழித்துக்கொண்டு நிற்கிறான். ஸ்பார்க் பிளக் போய்விட்டது. கையில் மாற்று இல்லை. ஜே.ஆர்.டி.யிடம் உபரி இருந்தது. போட்டியாளர் என்று பார்க்காமல் எடுத்துக் கொடுத்தார். பிளக்கை மாட்டிக்கொண்டு கிளம்பிய ஆஸ்பி, சில மணி நேர வித்தியாசத்தில் ஜே.ஆர்.டி.யை முந்தி பரிசைத் தட்டிச் சென்றார். பின்னாளில் அதே ஆஸ்பி இந்திய விமானப்படையின் தளபதியானார். கொடுத்தவர் டாடா ஏர்லைன்ஸை, அதன் வழியே ஏர் இந்தியாவை உருவாக்கினார். இருவருமே நஷ்டப்படவில்லை!

இந்தக் கதையில் பழைய விமானம் வாங்க நினைப்பவருக்கு ஒரு சேதி ஒளிந்திருக்கிறது. அந்தக் காலத்து விமானம் எவ்வளவு எளிமையானதோ, அவ்வளவு உதிரி பாகங்களை நம்பி வாழ்வது. ஒரு சின்ன பிளக் கிடைக்கவில்லையென்றால் பாலைவனத்தில் உட்கார வேண்டியதுதான். ‘விமானம் நல்லா இருக்கா?’ என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே, ‘இதுக்கு ஸ்பேர் இன்னும் யார் செய்றாங்க?’ என்ற கேள்வியும் உட்கார்ந்திருக்கிறது. ஜாடிக்கு மூடி உடைந்தால் இன்னொரு மூடி பார்த்துக்கொள்ளலாம். 1930-களின் எஞ்சினுக்கு அது அத்தனை சுலபம் இல்லை.

மதராஸுக்கு வந்த தபால், மதராஸுக்கு வந்த விமானம்

குட்டி விமானங்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1910-லேயே சென்னையில் ஓட்டல் நடத்திக்கொண்டிருந்த டி’ஏஞ்சலிஸ் என்பவர், தானே வடிவமைத்து, சிம்சன் நிறுவனத்தில் விமானம் செய்து பறந்து காட்டியிருக்கிறார். பிறகு 1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு ‘பஸ் மாத்’ என்ற குட்டி விமானத்தில் ஜே.ஆர்.டி. பம்பாய் வந்து இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி, தபாலை பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுவந்தார். இன்றைய ஏர் இந்தியாவின் பிறப்பு அந்தத் தபால் மூட்டை. ஜுஹுவில் ஓலைக் கொட்டகைதான் அவர்களின் விமான நிலையம்.

அடுத்த கதை இன்னும் நெருக்கமானது. சுதந்திரத்துக்குப் பிறகு மதராஸ் அரசு தனக்கென்று ‘டோவ்’ ரக விமானம் ஒன்றை இங்கிலாந்தில் வாங்க விரும்பியது. அதை எடுத்துவரக் கப்பலேறிப் போனவர்கள் ஒரு கணவன் மனைவி. கேப்டன் வி.சுந்தரம், உஷா சுந்தரம். உஷா, சுதந்திர இந்தியாவில் லைசென்ஸ் பெற்ற முதல் பெண் விமானிகளில் முன்னே நிற்பவர். போனது கப்பலில், திரும்பியது தாங்களே ஓட்டிய விமானத்தில். 1951-ல் லண்டனிலிருந்து பம்பாய்க்கு வழியில் இறங்கி ஏறி 27 மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். பிஸ்டன் எஞ்சின் விமானத்துக்கு அது சாதனை. கடையில் பொருள் வாங்கி, கடைவாசலிலேயே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு ஏழு கடல் தாண்டி வீட்டுக்கு வருவதென்றால் சும்மாவா? (இதே தம்பதிதான் பின்னாளில் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கி, தெருநாய்களுக்கும் மாடுகளுக்கும் வைத்தியம் பார்த்தார்கள்.)

அந்த டோவ் அன்றைக்குப் புத்தம் புதியது. இன்று அதே ரகத்தில் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் சேகரிப்பாளர்கள் வரிசையில் நிற்பார்கள். புதுசாக இருக்கும்போது அதைக் கொண்டுவர 27 மணி நேரம் போதுமாக இருந்தது. பழசான பிறகு அதைப் பறக்கவைக்க ஆண்டுக்கணக்கில் ஆகும்.

ஜே.ஆர்.டி. விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தபால் விமானத்தின் பொன்விழாவுக்காக, 1982 அக்டோபர் 15-ம் தேதி, 78 வயதில், மறுபடியும் தனியாகக் கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்தார். ஓட்டியது பஸ் மாத் அல்ல, அதே கம்பெனியின் தங்கையான ‘லெப்பர்ட் மாத்’. பஸ் மாத்துக்கு 1930-களின் தொடக்கத்தில் ஒரு கெட்ட பெயரும் இருந்தது. நடுவானில் இறக்கை முறிந்து அடுத்தடுத்துப் பல விபத்துகள். ஆராய்ந்து பார்த்து, இறக்கையைத் தாங்கும் கம்பி அமைப்பில் மாற்றங்கள் செய்த பிறகுதான் நிலைமை சீரானது. இன்றைக்கு யாராவது ஒரு பஸ் மாத்தை விலைக்கு வைத்தால், வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் விஷயம், அந்த மாற்றம் எப்போது செய்யப்பட்டது, அதற்கு யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதுதான். பதில் வாயால் வந்தால் போதாது. பேப்பரில் இருக்க வேண்டும்.

‘மச்சம்’ எங்கே?

பேப்பர் ஏன் முக்கியம் என்பதற்கு விருத்தாசலத்திலேயே ஒரு கதை இருக்கிறது. ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்கிறோமே, அந்த ஆறு இங்கே ஓடும் மணிமுத்தாறு.

திருமுதுகுன்றம் என்ற பழைய பெயர் கொண்ட இந்த ஊரில், சுந்தரர் பாடிப் பெற்றது 12,000 பொன். அத்தனையையும் திருவாரூர் வரை சுமந்துபோவது எப்படி? ‘மணிமுத்தாற்றில் போட்டுவிடு, ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்’ என்று இறைவனே வழி சொன்னார். சுந்தரரும் போட்டார். ஆனால் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். பொன்னிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தன்னிடம் வைத்துக்கொண்டார். அதற்கு ‘மச்சம்’ என்று பெயர். மாதிரித் துண்டு. பிற்பாடு ஆரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தபோது, மாற்றுக் குறைந்திருந்தது! அப்புறம் பாடித்தான் சரிசெய்துகொண்டார். பொன்னை உரைத்துக் காட்டிய மாற்றுரைத்த பிள்ளையார் ஆரூரில் இன்றும் இருக்கிறார். தம்பிரான் தோழர்! கொடுத்தது கடவுள் என்று தெரிந்தும் சாம்பிள் எடுத்து வைத்துக்கொண்ட மனிதர். பழைய விமானம் வாங்கக் கிளம்புகிறவர்கள் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

விமானத்துக்கு மச்சம், அதன் லாக் புத்தகங்கள். உடலுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, புரொப்பெல்லருக்கு ஒன்று. எத்தனை மணி நேரம் பறந்தது, எப்போது எஞ்சினைப் பிரித்துப் பூட்டினார்கள், எந்த வயலில் மூக்கு குத்தி இறங்கியது, உடைந்த இறக்கைக்கு எந்தப் பட்டறையில் மரம் போட்டார்கள்... எல்லாம் தேதியோடு, கையெழுத்தோடு இருக்கும். இருபது வருடப் பக்கங்கள் காணவில்லை என்றால், அந்த இருபது வருடம் விமானம் எங்கே இருந்தது என்று விற்பவர் சொல்லும் கதையை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். கதை சொல்வதில் பழைய வண்டி விற்பவர்களும் பழைய விமானம் விற்பவர்களும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

எண் தகட்டையும் பார்ப்பார்கள். தொழிற்சாலை அடித்த வரிசை எண், லாக் புத்தகத்தில் உள்ள எண், பதிவுச் சான்றிதழில் உள்ள எண், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். தகடு மட்டும் 1935, மற்ற எல்லாம் நேற்று என்கிற விமானங்களும் சந்தையில் உண்டு. அது தப்பில்லை, அப்படியே சொல்லி விற்றால். ‘நன்கு பாதுகாக்கப்பட்டது’ என்பதும் ‘புதிதாகக் கட்டியது’ என்பதும் வேறு வேறு விலை.

மூக்கால் பார், விரலால் கேள்

இறக்கையைத் தட்டுவதோடு சோதனை முடிவதில்லை. அந்தக் கால மர விமானங்கள் பலவற்றில் மரத்தை ஒட்டியது கேசின் என்ற பால்புரதப் பசை. ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து விட்டுவிடும். கடலோரச் சென்னை மாதிரி ஊரில், சரியான ஹேங்கர் இல்லாமல் நாலு மழைக்காலம் நின்ற மர விமானத்தை இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்கத்தான் வேண்டும்.

இறக்கைமேல் போர்த்திய துணி மேளத்தோல் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். பருத்தித் துணி என்றால் வெயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கும். அழுத்திப் பார்க்கும் கருவி கிழித்துக்கொண்டு உள்ளே போனால் மொத்தத் துணியையும் உரித்துப் போட வேண்டும். உரித்தால் உள்ளே என்னென்ன தெரியவருமோ, அது வேறு செலவு. பிறகு மூக்கு. விமானத்தின் வயிற்றுப் பக்கம் குனிந்து மோப்பம் பிடிப்பார்கள். எலி வாடை வந்தால் கெட்ட சகுனம். எலி கூடு கட்டுவது பெரிய விஷயமில்லை. அதன் சிறுநீர் உலோகத்தை அரிப்பதுதான் வினை. வாலுக்குப் பக்கத்தில் தாழ்ந்திருக்கும் இரும்புக் குழாய்களில் தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கும். வெளியே பெயிண்ட் சிரித்துக்கொண்டிருக்கும்.

எஞ்சினைப் பற்றிய உண்மையைச் சொல்வது நம் பீங்கான்தான். பிளக்கைக் கழற்றி, உள்ளே நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளை மூக்கைப் பாருங்கள். இளம் பழுப்பு, பிஸ்கட் நிறம் என்றால் எஞ்சின் ஆரோக்கியம். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது. எண்ணெயில் நனைந்திருந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது. வெளிறிக் கொப்பளித்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரிதான். விருத்தாசலத்துச் சூளைக்காரர்களுக்கு இது புதிதே இல்லை. வெந்த துண்டின் நிறத்தைப் பார்த்து சூளைக்குள் என்ன நடந்தது என்று சொல்வது அவர்களின் அன்றாட வேலை.

ரொம்ப நாள் ஓடாத எஞ்சின் என்றால் சந்தோஷப்பட வேண்டாம். ‘பாட்டி காலத்துல வாங்கினது, இருபது வருஷமா தொடவே இல்ல, புதுசு மாதிரி இருக்கு’ என்று வீட்டில் மிக்ஸி விற்கலாம். விமான எஞ்சின் ஓடாமல் நின்றால் எண்ணெய் வடிந்து, உள்ளே ஈரம் ஏறி, கேம் தண்டு துருப்பிடிக்கும். வாராவாரம் பறந்த கிழவன், பெட்டியில் பூட்டிய குமரனைவிட நம்பத்தகுந்தவன்.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. 2013 டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடற்கரைக்கு அருகே உல்லாசப் பயணம் போன ‘டைகர் மாத்’ ஒன்றின் இறக்கை வானத்திலேயே பிரிந்தது. விமானியும் பயணியும் இறந்தார்கள். டைகர் மாத் என்பது 1931-ல் முதலில் பறந்த, உலகம் முழுக்க 8,000-க்கும் மேல் செய்யப்பட்ட, நம் விமானப்படையினரும் ஓட்டிப் பழகிய இரட்டை இறக்கைப் பயிற்சி விமானம். விசாரணையில், உடலின் குறுக்கே ஓடி இரண்டு பக்க இறக்கைகளையும் இணைத்துப் பிடிக்கும் கம்பிகள் முறிந்திருந்தது தெரிந்தது. அவை 1940-களின் கம்பிகள் அல்ல. பின்னாளில் மாற்றாகச் செய்து போட்ட உதிரிகள். ஆயுட்காலம் முடியும் முன்பே விட்டுப்போயிருந்தன. ‘எல்லாம் புது ஸ்பேர் போட்டிருக்கு சார்’ என்று விற்பவர் பெருமையாகச் சொல்லும்போது கைதட்டுவதற்கு முன், யார் செய்த ஸ்பேர் என்று கேட்பது அதனால்தான்.

அப்பாவின் விமானம்

இந்தியாவில் இதையெல்லாம் செய்து வாங்கியவர்கள் உண்டா? சிறு விமானம் இல்லை என்றாலும் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. ராஜீவ் சந்திரசேகர், 2011-ல் அயர்லாந்தில் பழைய இரும்புக்குப் போகவிருந்த டக்கோட்டா ஒன்றை வாங்கினார். அவருடைய தந்தை விமானப்படையில் டக்கோட்டா ஓட்டியவர். பிரிட்டனில் வைத்துப் பல வருடம் பழுதுபார்த்து, 2018-ல் அது பறந்தே இந்தியா வந்தது. ‘பரசுராமா’ என்று பெயர்; உடலில் VP 905 என்ற எண் எழுத வேண்டிய இடத்தில் வி.பி. 905. 1947 அக்டோபர் 27-ல் ஸ்ரீநகரில் படைவீரர்களோடு இறங்கிய டக்கோட்டாவின் எண் அது. விமானப்படைக்கே அதைப் பரிசளித்துவிட்டார். அதே விமானப்படையின் டைகர் மாத் ஒன்றும் பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு, 2012 விமானப்படை தினத்தன்று ஹிண்டனில் பறந்தது.

இரண்டு விமானங்களும் பிரிட்டனுக்குப் போய்த்தான் எழுந்து வந்தன என்பது கொஞ்சம் உறுத்துகிற விஷயம். நம்மிடம் தச்சர்கள் இல்லையா, பற்றவைப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். பழைய விமானத்துக்கென்று பழகிய பட்டறையும், கையெழுத்துப் போடும் அதிகாரம் பெற்ற பொறியாளர்களும்தான் குறைவு.

நம்முடைய சொந்தச் சரக்கான ‘புஷ்பக்’ விமானத்தின் கதி அதற்குச் சாட்சி. பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனம் செய்த, 1958-ல் முதலில் பறந்த, இருவர் அமரும் விமானம். 90 குதிரைத்திறன் எஞ்சின். நூற்றைம்பது வரை செய்து நாடு முழுக்க ஃபிளையிங் கிளப்புகளுக்குக் கொடுத்தார்கள். இந்தியாவின் ஒரு தலைமுறை விமானிகள் முதன்முதலில் தரையை விட்டுக் கிளம்பியது அதில்தான். இன்று பறக்கும் நிலையில் இருப்பவை மிகச் சில. வெளிநாட்டில் இதே வயது விமானத்தை வாங்கச் சங்கம் வைத்துக் காத்திருக்கிறார்கள். இங்கே பல ஹேங்கர் மூலைகளில் அது எடைக்கு எடை என்ற தராசைத்தான் பார்த்தது.

வாங்க நினைப்பவருக்குச் சட்டம் போடும் வேலி தனி. பதிவு மாற்றம், பறக்கத் தகுதியுண்டு என்ற சான்றிதழ், வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் இறக்குமதி அனுமதி, எல்லாவற்றுக்கும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் படி ஏற வேண்டும். பதிவு காலாவதியாகி வெகுகாலம் ஆன விமானத்தை மறுபடி எழுப்புவது, பட்டா தொலைந்த நிலத்தை வாங்குவது மாதிரி. வாங்கும் விலை முதல் தவணைதான் என்று நினைத்துக்கொள்வது உத்தமம். ஹேங்கர் வாடகை, காப்பீடு, வருடாந்தரச் சோதனை என்று மீதித் தவணைகள் வந்துகொண்டே இருக்கும்.

பழமலைக்கு ஒரு நாள்

விமானம் வாங்கும் யோகம் எல்லோருக்கும் வாய்க்காது. விருத்தாசலத்துக்கு டிக்கெட் எடுக்கும் யோகம் எல்லோருக்கும் உண்டு. சென்னையிலிருந்து விழுப்புரம் வழியாகத் திருச்சி செல்லும் பல ரயில்கள் நிற்கும் சந்திப்பு; சேலத்துக்கும் கடலூருக்கும் இங்கிருந்துதான் கிளை பிரிகிறது. காலையில் இறங்கினால் கோயிலை நிதானமாகப் பார்க்கலாம். செம்பியன் மாதேவி கற்றளியாக எடுப்பித்த கோயில்களில் இதுவும் ஒன்று. கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து என்று எதையும் ஐந்தைந்தாக எண்ணிச் சொல்வது இந்த ஊரின் வழக்கம். தரைமட்டத்துக்குக் கீழே படியிறங்கிப் போய்ப் பார்க்க வேண்டிய ஆழத்துப் பிள்ளையாரைக் குழந்தைகளுக்குப் பிடிக்கும். வெயில் தாழ்ந்ததும் பீங்கான் கடைகள், மறுநாள் இருந்தால் நெய்வேலி. வழியெல்லாம் முந்திரி.

ஊரின் பெயருக்கே அர்த்தம் ‘பழைய மலை’தான். அம்மனுக்குப் பெயர் விருத்தாம்பிகை, கிழத்தாய். சிதம்பரம் போகும் வழியில் இங்கே தங்கிய குரு நமசிவாயர், பசியில் அம்மனைக் கிழவி என்று பாடிச் சோறு கேட்டாராம். அம்மன் கிழவியாகவே எதிரில் வந்து, ‘கிழவியால் எப்படியப்பா சோறு கொண்டுவர முடியும்?’ என்று கேட்டாளாம். அவர் இளையவளாக மாற்றிப் பாட, இளம்பெண்ணாக வந்து அன்னமிட்டாள் என்பது கதை. அதனால் கோயிலில் இரண்டு சன்னதி. முதலில் விருத்தாம்பிகை, அப்புறம் பாலாம்பிகை. இரண்டிலும் விளக்கு எரிகிறது.